இரைச்சலைத் தாண்டி வரும் பாட்டு



நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் கார் ஸ்டீரியோ பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிடும். மழைக்கு முன்னால் வைப்பரைப் பற்றியும் கோடையில் ஏ.சி.யைப் பற்றியும் கேட்பவர்கள்கூட, கடைசி வரியில் பாட்டைப் பற்றி ஏதாவது கேட்காமல் கடிதத்தை முடிப்பதில்லை. கொஞ்ச காலமாக அந்தக் கேள்வி ஒரே எண்ணைச் சுற்றி வருகிறது. "கடையில் இரண்டு செட் காட்டினார்கள். ஒன்றில் பிரீஅவுட் 2 வோல்ட், மற்றதில் 4 வோல்ட். விலையில் நிறைய வித்தியாசம். 4 வோல்ட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு வருமா?"

வராது. 4 வோல்ட் செட்டின் வேலை சத்தத்தைக் கூட்டுவது இல்லை. பாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இரைச்சலைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அந்தப் பயனும் தானாகக் கிடைத்துவிடாது. ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஒரு சின்னக் குமிழைச் சரியான இடத்தில் நிறுத்தினால்தான் கிடைக்கும். அந்தக் குமிழை யாரும் தொடாமலே, கூடுதல் வோல்ட்டுக்குப் பணம் மட்டும் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அதை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே இந்த மாதம் என் பக்கத்தை முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே கொடுக்கிறேன்.

டாஷ்போர்டிலிருந்து செட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், பாட்டு வெளியே போக இரண்டு வழிகள் தெரியும். முதல் வழி, ஸ்பீக்கர்களுக்கு நேராகப் போகும் எட்டு ஒயர்கள். நான்கு ஸ்பீக்கருக்கு இரண்டிரண்டாக. செட்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் இவற்றை ஓட்டுகிறது. அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது இந்த வழியைப் பற்றித்தான். அந்த 50 ஒரு நொடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் உச்சம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் போகாது. நடைமுறையில் 20 வாட்டுக்கு முன்னே பின்னே நிற்கும். மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி ஏற்பாடு உள்ளே இல்லாத எந்தச் செட்டுக்கும், அது எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், இதுதான் எல்லை.

இந்த எல்லை போதாதவர்கள் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். சப்வூஃபர் வேண்டும் என்றாலும் அது தேவை. அதற்காக இருப்பதுதான் இரண்டாவது வழி: சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் ஆர்சிஏ சாக்கெட்டுகள். இவற்றில் வருவது வெறும் சிக்னல். ஒரு ஸ்பீக்கரை அசைக்கிற தெம்பு அதற்குக் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் அதை வாங்கிப் பெருக்கினால்தான் பாட்டு கேட்கும். செட்டின் வால்யூமை முழுக்க வைத்து, பதிவின் உச்ச அளவு ஒலியை ஓட்டும்போது இந்தச் சாக்கெட்டில் எவ்வளவு மின்னழுத்தம் வருகிறதோ, அதைத்தான் பிரீஅவுட் வோல்டேஜ் என்று அட்டையில் போடுகிறார்கள். 1982-ல் சந்தைக்கு வந்த சிடி பிளேயர்களில் முழு அளவு ஒலிக்கு 2 வோல்ட் என்ற வழக்கம் நிலைத்தது. விலை குறைந்த கார் செட்டுகளில் நாம் காணும் 2 வோல்ட்டும் அதே அளவுதான். வீட்டில் அது தாராளமாகப் போதும். ஒயர் ஒரு மீட்டர் நீளம், பக்கத்தில் ஓடும் மோட்டார் எதுவும் கிடையாது.

காரின் நிலைமை வேறு. ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் டிக்கியில் இருக்கும், அல்லது சீட்டுக்கு அடியில். டாஷ்போர்டிலிருந்து கிளம்பும் ஆர்சிஏ ஒயர் கார்ப்பெட்டுக்குக் கீழே நாலைந்து மீட்டர் போக வேண்டும். வழியெல்லாம் அதற்கு அண்டை அயல் உண்டு. பேட்டரியிலிருந்து வரும் தடித்த பவர் ஒயர், பெட்ரோல் பம்ப், ஏ.சி. புளோவர், வைப்பர் மோட்டார், எல்இடி விளக்குகளின் சர்க்யூட், லைட்டர் சாக்கெட்டில் செருகிய மலிவு சார்ஜர். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு துளி இரைச்சலை அந்த ஒயரில் ஏற்றிவிடப் பார்க்கும். ஏறும் இரைச்சலின் அளவு உங்கள் செட் 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்று பார்ப்பதில்லை. இரண்டிலும் அது ஒன்றேதான். விஷயத்தின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது.

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மெல்லக் கூப்பிட்டால் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்; அப்போது மேளமும் கூச்சலும் சேர்ந்தே உள்ளே வரும். அவர் உரக்கக் கூப்பிட்டால் காதைத் தீட்ட வேண்டியதில்லை. செட் உரக்கக் கூப்பிடுவதுதான் 4 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் காதைத் தீட்டுவதற்குப் பெயர் கெயின்.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க ஆம்ப்ளிஃபயர் சுமார் 14 வோல்ட் வெளியே தள்ள வேண்டும். உள்ளே 2 வோல்ட் வந்தால் 7 மடங்கு பெருக்க வேண்டும். 4 வோல்ட் வந்தால் மூன்றரை மடங்கு போதும். வழியில் ஒயர் ஒரு மில்லிவோல்ட் இரைச்சலைப் பிடித்துக்கொண்டது என்று வைப்போம். முதல் ஏற்பாட்டில் அது ஸ்பீக்கரில் 7 மில்லிவோல்ட்டாக வந்து நிற்கும், இரண்டாவதில் மூன்றரை. பாட்டின் உச்ச அளவு இரண்டிலும் அதே 14 வோல்ட்தான், இரைச்சல் மட்டும் பாதியாகிவிட்டது. டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல். பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடையே 66 டெசிபல் இடைவெளி இருந்தது 72 ஆகிறது. 5 வோல்ட் செட் என்றால் 74. கவனியுங்கள்: 2-லிருந்து 4-க்குப் போவதில் கிடைக்கிற அளவு லாபம் 4-லிருந்து 5-க்குப் போவதில் இல்லை. இரண்டாவது தாவலுக்காக மட்டும் கூடுதல் பணம் கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

இந்த 6 டெசிபல் காதில் உறைக்குமா? இதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் 50 வாட்டில் 107 டெசிபல் வரை போகும். மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்தால், 2 வோல்ட் ஏற்பாட்டில் இரைச்சல் 41 டெசிபலில் நிற்கிறது. 4 வோல்ட் ஏற்பாட்டில் 35-ல். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குள் டயரும் காற்றும் சேர்ந்து எழுப்பும் சத்தமே 65 முதல் 70 டெசிபல் வரை இருக்கும். அங்கே இந்த இரண்டு இரைச்சலுமே கேட்காது. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, மரத்தடியில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு நன்றாகவே கேட்கும். மின்சாரக் காரில் சிக்னலில் நிற்கும்போதும் கேட்கும். அங்கே மூடிமறைக்க இன்ஜின் சத்தம் கிடையாது. ஆகவே 'எனக்கு 4 வோல்ட் வேண்டுமா?' என்ற கேள்விக்கு விடை, நீங்கள் எங்கே எப்படிப் பாட்டுக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து ஊருக்குப் போகிறவர் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனைக்குப் பின்னால் இழையும் தம்புராவைத் தேடுகிறவருக்கும், 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் நரசிம்மனின் வயலின் தணியும் இடங்களை விரும்பிக் கேட்கிறவருக்கும் அந்த 6 டெசிபல் உண்மையான லாபம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வால்யூம் கட்டுப்பாடு செட்டில் இருக்கிறது, அதாவது அந்த நாலைந்து மீட்டர் ஒயருக்கு முன்னால். நீங்கள் சத்தத்தைக் குறைத்தால் ஒயரில் போகும் பாட்டு குறைகிறது. வழியில் ஏறும் இரைச்சல் குறைவதில்லை. பாட்டின் சராசரி அளவு எப்போதும் உச்சத்தைவிட நிறையக் கீழே இருக்கும். உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 4 வோல்ட் செட் சராசரியாக 0.8 வோல்ட்தான் அனுப்புகிறது. குழந்தை தூங்குகிறதே என்று வால்யூமைப் பத்தில் ஒரு பங்காக இறக்கினால் 0.08 வோல்ட். 2 வோல்ட் செட்டில் அதுவும் பாதியாகி 0.04-க்கு வந்துவிடும். மெல்லிய சத்தத்தில் கேட்கும்போதுதான் 'ஸ்ஸ்' என்ற ஒலி அதிகம் தெரிகிறது என்று எழுதுகிறவர்களுக்கு இதுவே காரணம். உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது.

இரைச்சல்களில் மிகவும் எரிச்சலூட்டுவது ஆல்டர்னேட்டரின் கீச்சொலி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்வரம் ஏறும், விட்டால் இறங்கும். அது ஏன் அப்படிப் பாடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்த மாதிரி. ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம். டயோடுகள் அதை டி.சி.யாக மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் மேலே சின்ன அலைகள் மிச்சமிருக்கும். ஆறு ஜோடிக் காந்த முனைகள் கொண்ட ஆல்டர்னேட்டரில், அது ஒரு சுற்று சுற்றினால் 36 அலைகள். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கிறது, பெல்ட் அதை மும்மடங்காக்கி ஆல்டர்னேட்டரை 2,400-ல் சுழற்றுகிறது என்றால், நொடிக்கு 40 சுற்று, 1,440 அலைகள். இன்ஜின் 2,000-க்கு ஏறினால் 3,600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சரியாக இந்தப் பகுதியைத்தான், ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. பரவலான 'ஸ்ஸ்' இரைச்சலைவிட ஒரே ஸ்ருதியில் ஒலிக்கும் கீச்சொலி, அளவில் சிறியதாக இருந்தாலும் பாட்டைத் துளைத்துக்கொண்டு வருவது இதனால்தான்.

கார் ரேடியோவின் கதையே இந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது. 1930-ல் சிகாகோவில் பால் கால்வினின் கம்பெனி 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. வண்டிக்குள் ரேடியோவைப் பொருத்தி வைப்பது ஒரு கஷ்டம் என்றால், ஸ்பார்க் பிளக்கும் டைனமோவும் எழுப்பிய கரகரப்பை அடக்குவது அதைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. பிளக் ஒயர்களில் ரெசிஸ்டர் போட்டார்கள், டைனமோவுக்குக் கெபாசிட்டர் கட்டினார்கள். அந்த ஆரம்ப வேலையில் கை கொடுத்தவர்களில் ஒருவர் வில்லியம் லியர். பின்னாளில் 1960-களில் காருக்கான 8-டிராக் டேப்பைக் கொண்டுவந்தவரும், லியர்ஜெட் விமானத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவரும் அவரே. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, கேசட் போய் சிடி வந்தது. இன்ஜின் அறைக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள பகை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, பயன் இருக்கிறது என்றால் எல்லாச் செட்டிலும் 4 வோல்ட் கொடுத்துவிடலாமே? கொடுக்கச் செலவாகும். 4 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் கணக்கில் சொல்லும் அளவு, அலையின் உச்சி அல்ல. சைன் அலையில் அதன் உச்சி 5.66 வோல்ட், மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை அளந்தால் 11.3 வோல்ட். 5 வோல்ட் என்றால் அது 14 வோல்ட்டைத் தாண்டிவிடும். செட்டுக்குள் ஐ.சி.களுக்குக் கிடைப்பதோ, பேட்டரியின் 12 வோல்ட்டைச் சீராக்கிக் கொடுக்கும் 8, 9 வோல்ட். எட்டு வோல்ட் உயரமுள்ள அறையில் 11 வோல்ட் அலை நிமிர்ந்து நிற்காது, தலை தட்டும். அதனால் நல்ல 4 வோல்ட் செட்டுகளில் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்க ஒரு தனிச் சர்க்யூட் இருக்கும். கூடுதல் விலையில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. அது நியாயமான விலைதான். அட்டையில் மட்டும் 4 என்று போட்டுவிட்டு, வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால் அலையின் தலையை வெட்டுகிற செட்டாக இருந்தால், உங்களுக்குக் கிடைத்தது 2 வோல்ட் செட்டுதான்.

இனி அந்தக் குமிழுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முக்கியமான பகுதி இதுதான்.

ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில், ஸ்க்ரூ டிரைவர் முனையால் திருப்புகிற மாதிரி கெயின் குமிழ் இருக்கும். ஒரு முனையில் 0.2 வோல்ட் என்றும் மறுமுனையில் 4 அல்லது 6 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். எண் பெரிதானால் சத்தம் பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். 0.2 என்ற இடத்தில் வைத்தால், 'உள்ளே வருவது வெறும் 0.2 வோல்ட், அதையே முழுச் சக்திக்குப் பெருக்கு' என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்கிறீர்கள். அதுதான் மிக அதிகமான கெயின். 4 என்ற இடம் குறைந்த கெயின். 4 வோல்ட் செட்டை மாட்டிவிட்டுக் குமிழைப் பழைய இடத்திலேயே விட்டால், நீங்கள் வாங்கிய 6 டெசிபல் இரைச்சல் குறைவதற்குப் போகாது. வெறும் சத்தமாக வெளியே வரும். செட்டின் வால்யூம் பாதியைத் தொடும் முன்பே ஆம்ப்ளிஃபயர் திணறத் தொடங்கிவிடும்.

கடையில் செட்டை மாற்றிக் கேட்டவர்கள் '4 வோல்ட் செட்டில் அடி பிரமாதமாக இருந்தது' என்று சொல்வதும் இதனால்தான். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் நம் மூளை அதைச் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளாது. 'தரம் கூடியிருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு செட்டுகளை ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். அதற்குக் கடைக்காரர் சலித்துக்கொள்ளக்கூடும். பரவாயில்லை, பணம் உங்களுடையது.

கெயினை எப்படி வைப்பது? ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிடுங்கள். செட்டில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கெயினை மிகக் குறைவில் வையுங்கள். முழு அளவில் பதிவான ஒரு சோதனை ஒலியை ஓட்டுங்கள். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், மற்ற ஸ்பீக்கர்களுக்கு 200, 300 ஹெர்ட்ஸ். விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.சி. வோல்ட்டைச் சரியாகக் காட்டாமல் போகலாம், அதனால்தான் இந்த எண்கள். அந்தந்த ஒலியைத் தடுக்கிற ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் அணைக்க வேண்டும். வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். இப்போது ஆம்ப்ளிஃபயரின் சேனலுக்குச் சொல்லியிருக்கும் வாட்டை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300; அதன் வர்க்கமூலம் 17.3. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு, 17.3 காட்டும்வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். அங்கே நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஆம்ப்ளிஃபயருடையதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மீட்டர் கையில் இருக்கும்போதே பிரீஅவுட்டையும் அளந்துவிடலாம். அதே ஒலியை ஓட்டி, ஆர்சிஏ ஒயரின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே பார்த்தால் உங்கள் செட் எத்தனை வோல்ட் தருகிறது என்று தெரிந்துவிடும். நடு ஊசி வளையத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு இன்னொரு பொருத்தமும் உண்டு: உங்கள் ஆம்ப்ளிஃபயர் உள்ளே வாங்கக்கூடியது அதிகபட்சம் 2 வோல்ட் என்று எழுதியிருந்தால், 5 வோல்ட் செட்டை அதோடு கட்டுவதில் அர்த்தமில்லை. ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்திலேயே அலை வெட்டுப்படும். அதைப் பின்னால் எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது. வெட்டுப்பட்ட அலை ட்வீட்டர்களுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீச்சொலிக்காக மட்டும் 4 வோல்ட் செட் வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலான கீச்சொலி எர்த்தில் பிறக்கிறது. செட் டாஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் வேறோரிடத்தில். இரண்டும் ஒரே உலோக உடல்தான் என்றாலும் அதன் வழியே பெரிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதால், இரண்டு இடத்துக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். ஆர்சிஏ ஒயரின் வெளி வளையம் அந்த இரண்டையும் இணைக்கிறது. வித்தியாசம் பாட்டோடு கலந்துவிடுகிறது. வோல்ட்டைக் கூட்டினால் இந்த நோயின் வலி குறையும், நோய் போகாது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். போல்ட் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்க விடாதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறுபக்கமும் போகட்டும். குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி குறுக்கிடட்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு புதுச் செட்டின் விலையில் ஒரு சிறு துண்டு.

செட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்குவதும் செருகுவதும் வேண்டாம். அந்தப் பின்னின் அமைப்பில், எர்த் வளையம் தொடும் முன்பே நடு ஊசி தொட்டுவிடும். 'டம்' என்று ஒரு சத்தம் ஸ்பீக்கரை உலுக்குவது அதனால்தான். சில செட்டுகளில் ஆர்சிஏ எர்த்துக்கு உள்ளே மயிரிழை போன்ற ஒரு ஃபியூஸ் இருக்கிறது. வளையம் எங்காவது பவரில் உரசினால் அது போய்விடும். அன்றிலிருந்து கீச்சொலி தொடங்கும். நேற்றுவரை நன்றாக இருந்த செட் திடீரென்று கீச்சிட ஆரம்பித்தால், புதிது வாங்கும் முன் விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி கொடுத்த தொடுதிரையை மாற்ற முடியாத கார்கள் பெருகிவிட்டன. பின்பக்கக் கேமரா, ஸ்டீயரிங் பட்டன்கள் என்று எல்லாம் அந்தத் திரையோடு கட்டிப்போட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களும் பிரீஅவுட் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. அங்கே சிக்னல் 10 வோல்ட் வரை இருக்கும் என்பதால் வழியில் ஏறும் இரைச்சல் அதற்குப் பொருட்டில்லை. செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரின் குறைகள் கூடவே வரும், சத்தம் ஏற ஏற பேஸைக் குறைக்கிற கம்பெனித் தந்திரமும் வரும். நடுவில் டிஎஸ்பி என்ற ஒலிச் சீரமைப்புக் கருவி ஒன்றை வைத்தால் அதைப் பெரும்பாலும் நேராக்கிக்கொள்ளலாம். அப்போது வோல்ட் கேள்வியை அந்த டிஎஸ்பியிடம் கேட்க வேண்டும்: அதன் அவுட்புட் 2 வோல்ட்டா, 4-ஆ? ஒரே எச்சரிக்கை: இந்த ஸ்பீக்கர் ஒயர்களில் மைனஸ் என்பது எர்த் இல்லை. அதை வண்டியின் உடலோடு இணைத்தால் செட்டின் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிடும்.

விலை உயர்ந்த கார்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 2001-ல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு ஒளியாகவே போயிற்று, கண்ணாடி இழை போன்ற பிளாஸ்டிக் ஒயரில். ஒளிக்கு ஆல்டர்னேட்டரும் தெரியாது, எர்த்தும் தெரியாது. இப்போது சாதாரண முறுக்கு ஒயரிலேயே பாட்டை எண்களாக அனுப்பும் முறைகளும் வந்துவிட்டன. அவை எல்லா வண்டிக்கும் வரும்வரை, கார்ப்பெட்டுக்கடியில் ஓடும் நம் ஆர்சிஏ ஒயரை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இதழ் கைக்கு வந்ததும் ஒரு மாலை நேரத்தில் உங்கள் வண்டியைச் சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடாமல் வால்யூமை மெல்ல ஏற்றினால் என்ன கேட்கிறது, இன்ஜினைப் போட்டால் அது மாறுகிறதா, ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டின் மாடல், அட்டையில் போட்ட பிரீஅவுட் வோல்ட், நீங்கள் அளந்த வோல்ட், கெயின் குமிழ் இப்போது நிற்கும் இடம், எர்த் எடுத்திருக்கும் இடம் ஆகிய விவரங்களோடு எங்களுக்கு எழுதுங்கள். வயரிங்கின் புகைப்படம் ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கடிதத்தையும் நம் தொழில்நுட்பக் குழுவோடு உட்கார்ந்து படித்து, பதில்களை அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்